பங்காரு கிளப்

என் மாமனாருக்கு ஓர் அக்கா உண்டு என்பது, அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் வீட்டில் யாரும் சொல்லவில்லை. கட்லெட் சாப்பிடப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன்.

கே.ஜி.கண்டிகை பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். சாயங்காலம் பஸ் பிடித்துத் திருத்தணியில் இறங்கும்போது வயிறு கத்தும். வீட்டுக்குப் போனால் நேராக அடுப்படிதான். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் சந்தில் புதிதாக வந்திருந்த ஒரு சின்ன டிபன் கடையில் உட்கார்ந்து, ஒரு கட்லெட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. கடை நடத்தியவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஊரில் அவருக்குக் கட்லெட்டம்மா என்றுதான் பெயர். கோழி கட்லெட் போடுவார். கிருத்திகை அன்று மட்டும் பீட்ரூட் கட்லெட். பக்கத்துக் கடைகளில் முருகன் பாட்டும் சினிமாப் பாட்டும் அலறிக்கொண்டிருக்க, இவர் கடை ஸ்பீக்கரில் மட்டும் வார்த்தையே இல்லாமல் சாக்ஸபோனும் பியானோவும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "டீச்சர், நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"ஜவுளிக்கடை சிங்காரம் மருமவங்க."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அவன் நல்லா கீறானா?" என்றார்.

"மாமாவ உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஆங். அவன இடுப்புல தூக்கிகினு சுத்தினவ நான்தான்."

சொல்லிவிட்டு அடுத்த கட்லெட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டார். ஆனால் அந்த மூக்கை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது என் மாமனார் மூக்கு. என் கணவர் ஜெயப்பிரகாஷுக்கும் அதே மூக்குதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வள்ளியம்மாளிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே, "ஆங், அக்கா ஒருத்தங்க கீறாங்க. பேரு பங்காரு. மெட்ராசுல கிளப்பு வெச்சிருந்தாங்க" என்றார்.

"கிளப்புக் கடையா? இல்ல, பட்டணத்து கிளப்பா அத்த?"

"அதுவுந்தான். இதுவுந்தான். உங்க மாமா காதுல வுழற மாதிரி கேக்காத."

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டிபன் கடையைக் கிளப்புக் கடை என்பார்கள். அதே சொல்லைப் பட்டணத்து வாயால் கிளப் என்று சொல்லிவிட்டால், சாராயமும் அரைகுறை உடுப்பில் டான்ஸும்தான் ஊர்க்காரர்கள் நினைப்பில் வரும். இந்த ஒரு சொல்லால் ஓர் அக்காவும் தம்பியும் நாற்பது வருஷத்துக்குக் கிட்டப் பேசாமல் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. என் கணவருக்கு அத்தை என்பதால் எனக்கு அவர் பெரியம்மா முறை. மறுநாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். கடையில் கூட்டம் இல்லாத சாயங்காலங்களில் அவர் சொன்னதும், அரக்கோணத்திலிருந்து அவரைப் பார்க்க வரும் சிநேகிதர்கள் சொன்னதும்தான் இது.

பங்காரு பெரியம்மா பிறந்தது அம்மையார்குப்பத்தில். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். நைனா தறி நெய்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பி சிங்காரத்தை வளர்த்தது அக்காதான். வயசு வந்ததும் அவரைக் கோதண்டபாணி என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு மெட்ராசில் பாரிமுனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் டிபன் கடை. கோர்ட் குமாஸ்தாக்களும் துறைமுகத்து ஆட்களும் காலையிலும் மத்தியானத்திலும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆபீஸ் எல்லாம் மூடிவிட்டால் அந்தத் தெருவே காலியாகிவிடும். சாயங்காலம் போணிக்கு ஆள் இருக்காது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் கோதண்டபாணி மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. கருமாதி முடிந்த கையோடு சிங்காரம் அக்காவை அழைத்துப்போக வந்தார்.

"கடைய வித்துட்டு வந்துடுக்கா. வூட்ல ஒரு தறி சும்மாதான் கீது."

"தறி சும்மா கீது, சரி. நான் சும்மா இல்லியேடா" என்றாராம் பெரியம்மா. "நாளைக்கி இட்லிக்கு மாவு அரைக்கணும்."

தனியாகவே கடையை நடத்தினார். அந்த வருஷத்து ஐப்பசி மழையில், கடையை மூடப்போகும் நேரத்தில் நாலு பேர் நனைந்துகொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். ஒருவர் கோணிப்பையால் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா அது, கொழந்த மாதிரி பொத்திகினு வர்றே?"

"சாக்ஸபோனுங்க. நனஞ்சா உள்ள இருக்கிற தோலு ஊறிப்பூடும்" என்றார் அவர். அவர் பெயர் சுப்பிரமணி. கூட வந்த பெண் டோரீன். அரக்கோணத்து ரயில் டிரைவர் ஒருவரின் மகள், ஆங்கிலோ இந்தியப் பெண், பியானோ வாசிப்பவர். அன்று வரை அவர்கள் ஒரு பெரிய ஓட்டலில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல்காரர்கள் டேப் ரெக்கார்டர் வாங்கிவிட்டதால் இவர்களை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப நாளையிலேர்ந்து எங்க வாசிப்பீங்க?"

"எங்கியும் இல்ல" என்றார் டோரீன். "வூட்ல வாசிச்சா ஹவுஸ் ஓனர் கத்றான். பீச்ல வாசிச்சா போலீஸ் தொரத்துது."

பெரியம்மா சூடாக நாலு டீயும் மீந்திருந்த வடையும் கொடுத்தார். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். கணவன் போன பிறகு அந்தக் கடையில் சாயங்காலம் மனிதக் குரல் கேட்பது அதுதான் முதல் தடவை என்று தோன்றியதாம்.

"மேல ஒரு ஹால் கீது. அரிசி மூட்டதான் போட்டுகீறேன். ஓரமாத் தள்ளிட்டு வாசிங்க. ஆனா குடிக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. பசிச்சா கீழ வந்து சாப்புடணும். திருத்தணியான் மேல ஆணையா சொல்றேன், மீறினா மாடிப்படியிலேர்ந்து தள்ளிவுட்ருவேன்."

நால்வரும் அடுத்த நாளே வந்துவிட்டார்கள். அந்தச் சங்கீதம் பிடித்ததா என்று நான் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"தலவலி வந்துட்சி ஷோபனா. சட்டி காயறதுக்கு முன்னாடியே கடுகு, வெங்காயம், தண்ணி எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கீது. எதோ பாவம், வேல போனவங்கன்னு வுட்டேன்."

பிறகு ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். சுப்பிரமணி ஊதிக்கொண்டிருந்தவர் பாட்டின் நடுவிலேயே ஊதுவதை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார். அவர் விட்ட இடத்திலிருந்து டோரீன் எடுத்துக்கொண்டார். டோரீன் தன்னுடையதைச் சொல்லி முடிக்கும்வரை மற்ற மூவரும் அவரையே பார்த்துக்கொண்டு, அவருக்கு இடம் கொடுத்து, மெல்லத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டிரம் அடிப்பவர் முறை வந்தது.

"ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேக்கறாங்க. அதுலியும் ஒரு பொம்பள பேசறத மூணு ஆம்பள கேட்டுகினு நிக்கிறாங்க. எங்க வூட்ல, கடையில, தெருவுல, எங்கியும் நான் அத பாத்ததில்ல" என்றார் பெரியம்மா. "அன்னிக்கிதான் ஒக்காந்து கேக்க ஆரம்பிச்சேன்."

அடுத்த நாள் அதே பாட்டு வேறு மாதிரி வந்தது. பெரியம்மா சுப்பிரமணியைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து அந்த எடத்துல மேல போனியே, இன்னிக்கி ஏன் போகல?"

"நேத்து வாசிச்சது நேத்தோட போச்சுங்க. இன்னிக்கி மனசுல இன்னா கீதோ அதான் வரும்."

"அப்ப என் சாம்பார் மாதிரின்னு சொல்லு. அன்னிக்கி மார்க்கெட்ல இன்னா காயோ, அதான் ருசி."

சுப்பிரமணி இதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார். தனக்கு ஜாஸைப் பற்றி யார் பாடம் எடுத்தாலும் அந்த சாம்பார்தான் நினைவுக்கு வருமாம்.

டோரீனுக்கு வாசிக்க ஹாலில் பியானோ இல்லை. ஒரு பழைய ஆர்மோனியத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள் கூடும் ஒரு பழைய ஹாலில் யாரும் தொடாத பியானோ ஒன்று கிடக்கிறது, கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அவருடைய அப்பா சொல்லி அனுப்பினார். பெரியம்மா லாரி பிடித்துப் போய்க் கொண்டுவந்துவிட்டார். மாடிப்படி குறுகல். பியானோ திரும்பவே இல்லை. கடைசியில் மதியம் சாப்பாட்டுக்கு வந்த துறைமுகத்து ஆட்கள், தட்டை வைத்துவிட்டு எழுந்து, மாடி ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, மூட்டை தூக்குகிற கயிற்றைக் கட்டி, ஏலேலோ போட்டுக்கொண்டே தெருவிலிருந்து மேலே இழுத்தார்கள். பாதி உயரத்தில் அது ஒருமுறை சுவரில் இடித்து, அத்தனை கட்டையும் ஒன்றாக முனகியது. தெருவே கைதட்டியது. டோரீன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். பெரியம்மா கீழே நின்று, "பாத்துப்பா, பாத்துப்பா, புள்ளத்தாச்சிய தூக்கற மாதிரி தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்து வைப்பது என்று முடிவானது. டிக்கெட் கிடையாது. கீழே சாப்பிட்டவர்கள் மேலே போய்க் கேட்கலாம். டோரீன் வீட்டுப் பக்குவத்தில் பெரியம்மா கட்லெட் போடக் கற்றுக்கொண்டார். அதில் எங்கள் பக்கத்துப் பச்சை மிளகாயைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். போர்டு எழுத வந்த பெயின்டர், மேலே என்ன எழுதட்டும் என்று கேட்டான். "கிளப்புதானே, கிளப்புன்னே எழுது" என்று பெரியம்மா டிபன் கடையை நினைத்துச் சொன்னார். அவன் மாடியைப் பார்த்துவிட்டு, சாக்ஸபோன் படம் ஒன்றைப் போட்டு, 'பங்காரு கிளப்' என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போனான்.

யார் யாரோ வந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகள், காலேஜ் வாத்தியார்கள், சினிமா ஸ்டுடியோவில் பகல் முழுக்க வாசித்துவிட்டு வயலினும் கையுமாக நேரே வரும் ஆட்கள், பக்கத்துத் தெருப் பாத்திரக்கடைக்காரர். பெஞ்சு போதாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். கிளப் என்ற பெயரைப் பார்த்து யாரோ புகார் கொடுக்க, மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். ஒவ்வொரு டம்ளராக எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லாம் பன்னீர் சோடா. மனிதர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இடி விழுந்தது வேறு இடத்தில். சிங்காரத்துக்குப் பெண் நிச்சயமாகி, தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். பெண் வீட்டுக்காரர் ஒருவர் நூல் வாங்க மெட்ராஸ் போனவர் அந்தச் சந்து வழியாக வந்திருக்கிறார். போர்டைப் பார்த்தார். மாடி ஜன்னலில் கவுன் போட்ட பெண்ணைப் பார்த்தார். ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. சிங்காரத்துக்கு அந்தப் பெண்ணை ரொம்பவும் பிடித்திருந்தது. பெண் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சியிருக்கிறார். உன் அக்கா பிழைப்பு அப்படி இருக்கும்போது எங்கள் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள்.

நேரே மெட்ராசுக்கு வந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மாடிப்படி அடியில் நின்றுகொண்டார்.

"இந்தப் போர்டக் கழட்டிட்டு இப்பவே என்கூட வா."

"மேல வந்து ஒரு தடவ பார்றா. பாத்துட்டு அப்பறம் சொல்லு."

"நான் அந்த எடத்துல கால் வெக்க மாட்டேன்."

"பாக்காமயே தப்புன்னு சொல்றியே, சிங்காரம்."

"ஊரே சொல்லுது. இனிமே எனக்கு அக்கா இல்ல."

பெரியம்மா அவர் பின்னாலேயே தெருமுனைவரை ஓடினார். அவர் திரும்பவில்லை. அன்று சனிக்கிழமை. நடத்த வேண்டாம் என்று சுப்பிரமணி சொன்னதற்கு, வந்தவங்க பசியோட திரும்பக் கூடாது என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார். மேலே வாசிக்க, கீழே அழுதுகொண்டே கட்லெட் போட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

கிளப் அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கட்டடத்துக்காரர்கள் இடத்தை விற்றுவிட்டார்கள். இடித்து அடுக்குமாடி வந்தது. பியானோவைப் பெரம்பூரில் ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவும் டோரீனும் அங்கேயே ஒரு வீடு பிடித்து மெஸ் நடத்தினார்கள். டோரீனின் தங்கைகள் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. அங்கே இந்தப் பச்சை மிளகாய் கிடைக்காது என்றாராம். முழங்கால் முடியாமல் போனதும் டோரீன் அரக்கோணத்தில் அப்பா விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பினார். சுப்பிரமணி ஏற்கெனவே அரக்கோணத்தில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். பெரியம்மா, தம்பி தறியை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வைத்திருந்த திருத்தணிக்கு வந்தார்.

"ஏன் பெரியம்மா, அவங்க கூடவே அரக்கோணத்துல இருந்திருக்கலாமே?"

"அவங்களப் பாக்கறதுக்கு ரயில் கீது. தம்பியப் பாக்கணும்னா இங்க கடைத்தெருவுல நடந்தாதான் தெரிவான். அவன் என்ன பாக்கலன்னாலும் நான் அவனப் பாத்துக்குவேன்."

மாமனாருக்கு அவர் வந்தது தெரிந்தே இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் பெரியம்மா கடை இருக்கும் குறுக்குச் சந்தை விட்டு அவர் ஏன் சுற்றிக்கொண்டு போகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போன தை மாதம் என் நாத்தனார் பானுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நகரிப் பக்கம். பத்திரிகை வந்த அன்று மாமியாரிடம் போய் நின்றேன்.

"அத்த, பெரியம்மாவுக்கு ஒரு பத்திரிக குடுக்கட்டா?"

மாமியார் என்னைக் கூர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"குடு" என்றார். "அவங்க கிளப்பு வெக்கலன்னா உங்க மாமாவுக்கு அந்த சம்பந்தம் நின்னிருக்காது. அது நிக்கலன்னா நான் இந்த வூட்டுக்கு வந்திருக்க மாட்டேன். பானுவும் இல்ல, உன் வூட்டுக்காரனும் இல்ல. இத அந்த மனுசன்கிட்ட சொல்லணும்னு எனக்கு எத்தினியோ வருசமா ஆச."

"சொல்லிடுங்களேன்."

"நேரம் வரட்டும். சிநேகிதக்காரங்கள இட்டுகினு வரச் சொல்லு. தனியா வந்து மூலையில ஒக்காந்தா எனக்கு மனசு கேக்காது."

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். பெரியம்மா மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்தார். ஒரு பக்கம் டோரீன் கைத்தடியோடு, இன்னொரு பக்கம் சுப்பிரமணி. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். மாமனார் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். முகம் இறுகியது. ஆனால் சம்பந்திகள் பக்கத்தில் நின்றதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அன்று பார்த்துப் பருவம் தப்பிய மழை. திருவள்ளூர்ப் பக்கம் சாலையில் தண்ணீர். மெல்லிசைக் குழுவின் மைக், கீபோர்டு, டிரம் செட் எல்லாம் மத்தியானமே வேனில் வந்து மேடையில் ஏறிவிட்டன. பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் வந்த வேன் எங்கேயோ தண்ணீரில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நிற்க, மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான். சம்பந்தியம்மா இரண்டு தடவை, "பாட்டு இல்லீங்களா? எங்க பக்கத்துல பாட்டு இல்லாம ரிசப்ஷன் வெக்க மாட்டாங்க" என்று கேட்டுவிட்டார். மாமனார் போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கும் வாசலுக்கும் அலைந்தார்.

நான் கடைசி வரிசைக்குப் போனேன்.

"பெரியம்மா, நீங்க எதாச்சும் பண்ண முடியுமா?"

அவர் டோரீனைப் பார்த்தார். டோரீன் மேடையில் இருந்த கீபோர்டைப் பார்த்தார்.

"அது ப்ளாஸ்டிக்" என்றார். பிறகு, "பரவால்ல. என்னைத் தூக்கிவிடுங்க" என்றார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த உள்ளூர் பேண்டு செட்டுக்காரர்கள் சாப்பாட்டுப் பந்திக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் சாக்ஸபோன் வைத்திருந்தவரிடம் சுப்பிரமணி கேட்டு வாங்கி, வாய் வைக்கும் இடத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். டிரம் அடிக்கத் தணிகைவேல் என்ற பேண்டுக்காரர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"எனக்கு உங்க பாட்டெல்லாம் தெரியாதுங்களே."

"தெரிய வேணாம்ப்பா" என்றார் சுப்பிரமணி. "நீ மெதுவாத் தட்டிகினே இரு. நாங்க உன்னச் சுத்தி வர்றோம். நான் கையக் காட்டினா உனக்கு இன்னா தோணுதோ அத அடி. நாங்க கேட்டுகினு இருப்போம்."

முதலில் கொஞ்சம் தடுமாற்றம்தான். டோரீன் விரல் இரண்டு இடத்தில் வழுக்கியது. பிறகு சுப்பிரமணி, கல்யாண வீடுகளில் எல்லாரும் கேட்டுப் பழகிய நலங்கு மெட்டு ஒன்றை எடுத்து, அதை நேராக ஊதாமல், சோம்பல் முறித்து எழுவது போல வளைத்து வளைத்து ஊதினார். முன் வரிசையில் இருந்த நகரிப் பெண்கள் அந்த மெட்டைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். டோரீன் அதை வாங்கி ஓடவிட்டார். தணிகைவேல் முறை வந்தபோது, மனிதர் கண்ணை மூடிக்கொண்டு காவடி அடியில் இறங்கிவிட்டார். சுப்பிரமணி கையை உயர்த்தி, "அதான்! அதான்!" என்றார். பந்திக்குப் போனவர்கள் இலையிலிருந்து எழுந்து வந்து நின்றார்கள். பானு மேடையிலேயே மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

மாமனார் தூண் பக்கத்தில் நின்றிருந்தார். போன் கையில் இருந்தது, காதில் இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியும் நகரவில்லை. மாமியார் அவர் அருகில் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். மாமனார் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்ததும் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடைசி வரிசைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பெரியம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதானா?" என்றார் மாமனார்.

"இதுதான்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"கட்லெட்டும் உண்டு."

மாமனார் இன்னும் கொஞ்சம் கேட்டார். "எனக்கு ஒண்ணுமே புரியலக்கா" என்றார். "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. ஆனா இதுல தப்பா ஒண்ணும் இல்லியே."

"நான் அதத்தாண்டா அன்னிக்கி சொன்னேன்."

"அன்னிக்கி மேல வந்திருக்கணும் நான்."

"வந்திருந்தா உனக்கு வள்ளியம்மா கெடச்சிருப்பாளா? வுடு. சாப்ட்டியா?"

"இல்ல."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பசி வந்தா உனக்கு அப்பவே காது செவந்துரும். போய் சாப்புடு, போ."

அவர் போகவில்லை. பாட்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால், அத்தை முறைச் சீரைப் பெரியம்மா கையால்தான் எடுக்க வேண்டும் என்று எல்லார் முன்னிலும் மாமனார் சொன்னார். பெரியம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இரண்டு பேருக்கும் ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மாடி அறையில் வந்து இருக்கச் சொல்லி மாமனார் கேட்டதற்கு, பெரியம்மா முடியாது என்றுவிட்டார். அதில் மாமனாருக்குக் கோபம். சாம்பாரில் வெல்லம் போடுவதில் இருவருக்கும் சண்டை. ஆனால் தினமும் கடை சாத்தியதும் அவர் குறுக்குச் சந்து வழியாகத்தான் வருகிறார், வழியில் அரை மணி நேரம் அக்கா கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு.

தணிகைவேல்தான் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாரா வாரம் வந்து, மறுபடி எப்போது வாசிக்கலாம் என்று நச்சரித்தார். தன்னோடு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதும் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். கல்யாணம் இல்லாத மாதங்களில் மண்டபம் சும்மாதான் கிடக்கும். மாமனார் மண்டபத்துக்காரரிடம் பேசி, ஆடி மாதம் ஒரு சனிக்கிழமைக்கு இடம் வாங்கினார். அந்த மாதம் மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களால் ஊர் நிரம்பி வழியும். காவடி இறக்கிவிட்டு வந்தவர்களில் பாதிப் பேர் ஈர வேட்டியோடு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அன்று பீட்ரூட் கட்லெட்தான். பந்தியில் போடப் போடத் தீர்ந்துகொண்டே இருந்தது.

யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து சுசித்ரா என்று ஒரு பெண் பெரியம்மாவிடம் பேசினாள். ஆபீஸ் வேலை பார்க்கிறவள். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரி, பேஸ் என்று ஒரு வாத்தியம் வாசிப்பாளாம், வந்து சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டாள். வா தாயி என்றார் பெரியம்மா.

போன சனிக்கிழமை அவள் மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். அந்த வாத்தியம் எந்த ஆட்டோவிலும் நுழையவில்லை. மாமனார் கடையின் துணி மூட்டை ஏற்றும் மூன்று சக்கர வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். வாத்தியத்தை அதில் நிற்கவைத்து, சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகக் கூடவே நடந்து வந்தார். நான் எதிரே வந்துகொண்டிருந்தேன். பூக்கடைக்காரர் எழுந்து நின்று, "இன்னாங்க சிங்காரம், இவ்ளோ பெருசா இட்டுகினு வர்றீங்க?" என்று கேட்டார்.

"வாசிக்கிறதுப்பா" என்றார் மாமனார். "எப்பிடி வாசிப்பாங்கன்னு எனக்கும் தெரியாது. ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வா, ஒண்ணா ஒக்காந்து கேப்போம்."